ஈரல் கட்டி, ஊசித் துண்டு, நுணுக்குக்காட்டி: வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் பக்கத்துக் குடும்பங்களும், வோட்டில் வேலை செய்யும் தாதியரும், புதிதாக வந்த வைத்தியர்களும் கேட்கும் கேள்விகள் இவை. கேட்ட மாதிரியே விட்டிருக்கிறோம்.

ஸ்கானில "ஈரலில் கட்டி" எண்டு எழுதியிருக்கு. புற்றுநோய்தானோ?

அந்த ஒரு வரியை வைத்துச் சொல்ல முடியாது. வயிற்று ஸ்கான் காட்டுவது, ஈரலுக்குள் ஓரிடம் சுற்றியுள்ள இடத்தைப் போல இல்லை என்பதை மட்டும்தான். வெறும் நீர்க்கட்டியாக இருக்கலாம். இரத்தக் குழாய்கள் திரண்டு முடிச்சான ஹிமாஞ்சியோமாவாக இருக்கலாம். அதைப் பெரும்பாலும் ஒன்றும் செய்யாமல் விட்டுவிடுவார்கள். ஈரல் கலத்திலேயே தொடங்கிய புற்றாகவும், பித்தக்கானில் தொடங்கியதாகவும், குடல், மார்பு, சுவாசப்பை, கணையம் போன்ற வேறோர் உறுப்பிலிருந்து வந்து குடியேறியதாகவும் இருக்கலாம்.

எங்கள் பக்கத்தில் முதலில் விசாரிக்க வேண்டியது காய்ச்சலைப் பற்றி. கள்ளுக் குடிக்கும் ஆண், நடுக்கத்தோடு காய்ச்சல், வலது விலாவுக்குக் கீழே தட்டினால் நோகிறது என்றால் அமீபாச் சீழ்க்கட்டியை நினைக்க வேண்டும். வடக்கில் அது அரிதான வருத்தம் இல்லை. ஸ்கானில் அது சிலவேளை அச்சொட்டாகப் புற்றுக்கட்டி போலவே தெரியும். அமீபாவைக் கொல்லும் மருந்தான மெற்றோனிடசோல் தொடங்கிய சில நாட்களில் காய்ச்சல் இறங்கிவிடும். ஸ்கானில் உள்ள நிழல் மறைய மாதக்கணக்காகும். காய்ச்சல் போன பிறகும் நிழல் நிற்கிறதே என்று அந்தரப்பட்டு ஊசி குத்தக் கேட்காதீர்கள்.

பிறகேன் உடன துண்டெடுத்துப் பாக்கேல்லை? நாள் கடத்தினமோ?

எல்லா ஈரல் கட்டிக்கும் துண்டு (ஊசியால் கொஞ்சம் இழையம் எடுத்துப் பார்க்கும் பயொப்சி) தேவையில்லை. மற்ற உறுப்புகளிலிருந்து ஈரல் வேறுபடும் இடம் இது. சிரோசிஸ் (ஈரல் முழுக்கத் தழும்பேறி முடிச்சு விழும் நோய்) உள்ள ஈரலில் 1 சென்ரிமீற்றர் அல்லது அதற்கு மேற்பட்ட கட்டி இருந்தால், சாயம் ஏற்றி மூன்று கட்டமாக எடுக்கும் சீ.ரீ. ஸ்கானே பல நேரம் விடையைச் சொல்லிவிடும். ஈரலுக்கு இரத்தம் பெரும்பங்கு வருவது குடலிலிருந்து வரும் நாளத்தால். ஈரல்கலப் புற்றுக்கு இரத்தம் வருவது நாடியால். ஆகவே சாயம் ஏற்றி அரை நிமிடமளவில் எடுக்கும் படத்தில் கட்டி மட்டும் பளிச்சென்று தெரியும். ஒரு நிமிடம் தாண்டியும், பிறகு 3 முதல் 5 நிமிடத்திலும் எடுக்கும் படங்களில் சுற்றியுள்ள ஈரல் வெளுத்து நிற்க, கட்டி சாயத்தை இழந்து கருமையாகும். இந்த இரண்டும் சேர்ந்து தெரிந்தால் ஊசி இல்லாமலே சிகிச்சை தொடங்கலாம்.

ஊசியைத் தவிர்க்க இன்னொரு காரணமும் உண்டு. ஊசி போன வழியில் புற்றுக்கலம் விதைபட்டு முளைப்பது 100 பேரில் ஏறத்தாழ 2, 3 பேருக்கு நடக்கிறது. வெட்டி அகற்றக்கூடிய கட்டி என்றால் அறுவை நிபுணர் பார்க்க முன் குத்தாமல் விடுவது நல்லது.

சிரோசிஸ் இல்லாத ஈரல், படத்தில் முறைமாறிய கட்டி, முன்பே வேறு புற்று இருந்தவர், அறுவைக்கு இடமில்லாமல் மருந்து தொடங்க வேண்டியவர் ஆகியோருக்குத் துண்டு வேண்டும்.

ஏஎஃப்பி இரத்தப் பரிசோதனை நோமலாம். அப்ப பயமில்லைத்தானே?

அப்படி நிம்மதியடைய முடியாது. ஏஎஃப்பி என்பது சில ஈரல் புற்றுகள் இரத்தத்தில் விடும் ஒரு புரதம். ஈரல்கலப் புற்று உள்ளவர்களில் ஏறத்தாழ மூன்றிலொருவருக்கு ஏஎஃப்பி சாதாரண அளவில்தான் இருக்கும். மில்லிலீற்றருக்கு 400 நனோகிராமைத் தாண்டினால் சந்தேகம் பலக்கும். தாண்டாவிட்டால் அது எந்தப் பக்கமும் சாட்சி சொல்லாது.

உடம்பில செல் பீஸ் இருக்கு. சிறுநீரக வருத்தமும் இருக்கு. ஸ்கான் எடுக்கலாமோ?

இரண்டையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். செல் பீஸ் என்பது உடம்புக்குள் நின்றுவிட்ட எறிகணைத் துண்டு. எம்.ஆர்.ஐ. காந்தம் அந்த இரும்புத் துண்டை அசைக்கவோ சூடாக்கவோ கூடும். கண், முள்ளந்தண்டு, பெரிய இரத்தக் குழாய் அருகே இருந்தால் ஆபத்து. எங்கே இருக்கிறதென்று முதலில் சாதாரண எக்ஸ்றேயில் பார்ப்பார்கள். சீ.ரீ. எடுக்கத் தடையில்லை, ஆனால் துண்டு ஈரலுக்குப் பக்கத்தில் இருந்தால் அதிலிருந்து கோடுகோடாக நிழல் விழுந்து கட்டியை மறைக்கும்.

வவுனியாப் பக்கத்தில் சிறுநீரக வருத்தக்காரர் பலர். சிறுநீரகம் மோசமாகப் பாதிக்கப்பட்டிருந்தால் சீ.ரீ. சாயம் யோசித்துத்தான் கொடுக்கப்படும். அதோடு யூரியா கூடிய இரத்தத்தில், இரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் எண்ணிக்கை சரியாக இருந்தாலும் அவை வேலை செய்வது குறைவு. ஊசி குத்திய இடம் கூடுதலாகக் கசியும். கிளினிக் கொப்பியைக் கொண்டுவரச் சொல்வது இதற்காகத்தான்.

ஊசி போட முன்னம் என்ன ஆயத்தம்?

இரத்தம் உறையும் நேரம் முதலில். இரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். 1.5 அளவுக்குள், பிளேட்லெட் 50,000க்கு மேல் என்பது பொதுவாகப் பார்க்கும் எல்லை. வார்பரின், குளோப்பிடோகிறெல், அஸ்பிரின் போன்ற, இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து குடிப்பவர் அதைச் சொல்ல வேண்டும். ஆனால் நீங்களாக நிறுத்த வேண்டாம். இருதயத்தில் ஸ்ரென்ற் வைத்தவர் குளோப்பிடோகிறெலைத் தன்பாட்டில் நிறுத்தினால், ஈரலைப் பார்க்கப் போய் மாரடைப்பில் முடியலாம். எழுதிக் கொடுத்த வைத்தியர்தான் எத்தனை நாள் என்று சொல்ல வேண்டும்.

வயிற்றில் நீர் கட்டியிருந்தால் முதலில் அதை வடிப்பார்கள். ஈரலைச் சுற்றி நீர் நின்றால், குத்திய ஓட்டையை அமத்திப் பிடிக்க வயிற்றுச் சுவர் பக்கத்தில் இருக்காது.

துணைக்கு ஒருவர் வரட்டும். மோட்டார்சைக்கிளில் வந்து அதே மோட்டார்சைக்கிளில் ஒட்டுசுட்டானுக்கோ துணுக்காய்க்கோ திரும்பும் திட்டம் வேண்டாம்.

எப்பிடி எடுப்பினம்? நோகுமோ?

மல்லாக்கப் படுக்க வைத்து, வலது கையைத் தலைக்கு மேலே விடச் சொல்வார்கள். ஸ்கானில் பார்த்தபடியே விலா எலும்புகளுக்கிடையில் லிக்னோகெயின் ஏற்றித் தோலையும் ஈரலின் மேலுறையையும் விறைக்கச் செய்வார்கள். ஊசி கீழ் விலாவின் மேல்விளிம்போடு ஒட்டிப் போக வேண்டும். இரத்தக் குழாயும் நரம்பும் விலாவின் கீழ்விளிம்பில் ஓடுகின்றன. பிறகு மூச்சை வெளியே விட்டு நிறுத்தச் சொல்வார்கள். அந்த இரண்டு மூன்று வினாடிதான் முக்கியம்: மூச்சு அசைந்தால் ஈரலும் அசையும், உள்ளே நிற்கும் ஊசி ஈரலைக் கிழிக்கும். "டக்" என்று ஒரு சத்தம். 16 அல்லது 18 கேஜ் ஊசியின் காடிக்குள் துண்டு வந்துவிடும்.

எங்கே குத்துவதென்பதில் ஒரு கணக்கு இருக்கிறது. கட்டி வெளிப்பரப்பில் இருந்தாலும் நேராக அதற்குள் குத்தாமல், கொஞ்சம் நல்ல ஈரலைக் கடந்து போனால் அது அடைப்பான் போல இரத்தத்தைப் பிடிக்கும். பெரிய கட்டியின் நடு பெரும்பாலும் செத்த இழையம். விளிம்பில் எடுக்க வேண்டும். ஒரு துண்டு கட்டியிலிருந்தும் ஒரு துண்டு கட்டிக்கு வெளியேயுள்ள ஈரலிலிருந்தும் வந்தால் பார்ப்பவருக்கு வேலை பாதி முடிந்தது. இந்த வெளித்துண்டைத்தான் அதிகம் மறந்துவிடுகிறார்கள்.

முடிஞ்ச பிறகு எதைக் கவனிக்கிறது?

வலது பக்கம் சரிந்து படுக்க வேண்டும். முதல் ஒரு மணித்தியாலம் 15 நிமிடத்துக்கொருமுறை நாடித்துடிப்பும் குருதியமுக்கமும் பார்ப்பார்கள். குறைந்தது 4 மணித்தியாலம் கட்டிலில். வலது தோளில் வரும் மெல்லிய நோ சாதாரணம்: பிரிமென்றகடு உரசப்படுவதை உடம்பு தோள் நோவென்று எடுத்துக்கொள்கிறது. நோ கூடிக்கொண்டே போவது, குளிர்ந்து வியர்ப்பது, நெஞ்சு படபடப்பது, தலைசுற்றுவது இவற்றில் எது வந்தாலும் உடனே சொல்லுங்கள். வீட்டுக்குப் போனபிறகு கறுப்பாக மலம் போனாலும் திரும்பி வாருங்கள். ஒரு கிழமைக்கு நெல்மூட்டையும் வேண்டாம், மண்வெட்டியும் வேண்டாம்.

துண்டு எவ்வளவு பெரிசு? அதில என்ன தெரியப்போகுது?

மெல்லிய இடியப்ப இழை ஒன்றை 2 சென்ரிமீற்றருக்கு நறுக்கினால் எப்படியோ அப்படி. வெறுங்கண்ணுக்கே அது கொஞ்சம் பேசும். நல்ல ஈரல் மண்ணிறமாக முழு இழையாக வரும். சிரோசிஸ் ஈரல் மணிமணியாக உடைந்து வரும். வெள்ளையாக, இறுகலாக வந்தால் வேறிடத்திலிருந்து வந்த புற்றோ பித்தக்கான் புற்றோ என்று நினைக்கத் தோன்றும். மென்மையாக, பச்சை பிடித்து, நொருங்கி வந்தால் ஈரல்கலப் புற்று பித்தம் சுரந்திருக்கலாம். இது வெறும் ஊகம். இருந்தாலும் கண்டதை விண்ணப்பத்தில் ஒரு வரி எழுதுங்கள்.

தாதியர் கேட்பது: போத்தலில் எதை, எவ்வளவு?

மாதிரிகள் பழுதாவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம்.

வேண்டியது 10 வீத நடுநிலைப் போர்மலின். கடையில் வரும் 37 முதல் 40 வீத போர்மல்டிஹைட் கரைசலில் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு நீர். லீற்றருக்கு சோடியம் இருஐதரசன் பொஸ்பேற்று 4 கிராம், இருசோடியம் ஐதரசன் பொஸ்பேற்று 6.5 கிராம். பொஸ்பேற்றுச் சேர்க்காத போர்மலின் நாட்பட அமிலமாகி, இழையத்தில் கபிலக் கறுப்புப் பொடியைப் படியவிடும். பிறகு நுணுக்குக்காட்டியில் அது நிறமணியா அழுக்கா என்று மாரடிக்க வேண்டும். நீர் கலக்காத போர்மலினை ஊற்றினால் வெளிப்புறம் இறுகி உள்ளே பழுதாகும்.

அளவு, துண்டைப்போல 10 முதல் 20 மடங்கு. ஊசித் துண்டுக்கு 20 மில்லிலீற்றர் தாராளம். வாய் அகன்ற போத்தல் எடுங்கள். ஒடுங்கிய வாய்க்குள்ளால் போன துண்டு இறுகிய பிறகு வெளியே வராது. பெயரையும் கிளினிக் இலக்கத்தையும் போத்தலின் உடம்பில் ஒட்டுங்கள். மூடியில் எழுதினால், இரண்டு மூடியை ஒன்றாகத் திறந்த அன்றைக்கு இரண்டு பேருடைய ஈரலும் மாறிப்போகும்.

துண்டைக் காய்ந்த கோஸ் துணியில் வைத்துப் பிறகு பார்ப்போம் என்று விட்டால், சில நிமிடத்தில் ஓரம் காய்ந்து கலங்கள் சுருங்கிவிடும். சேலைனில் விட்டால் அழுகத் தொடங்கும். ஸ்பிரிட்டில் விட்டால் சுருங்கி விறைக்கும். குளிர்சாதனப் பெட்டியின் ஐஸ் தட்டில் வைத்தால் பனிக்கட்டி ஊசிகள் கலங்களைக் குத்திக் கிழிக்கும். போர்மலினில் இட்ட போத்தலை அறை வெப்பத்திலேயே வைக்கலாம்.

சீழ் அல்லது காசநோய்ச் சந்தேகம் இருந்தால் இன்னொரு துண்டை மலட்டுச் சேலைனில் தனியாக அனுப்ப வேண்டும். போர்மலினில் விழுந்த கிருமி வளராது.

ஏ9 வழியே யாழ்ப்பாணத்துக்கோ அநுராதபுரத்துக்கோ போகும் போத்தலை நிமிர்த்தி, பொலித்தீன் பையில் இட்டு, விண்ணப்பத்தை வேறு பையில் வையுங்கள். போர்மலின் கசிந்தால் முதலில் அழிவது பேனா எழுத்துத்தான்.

விண்ணப்பத்தில் என்ன எழுத வேண்டும்?

"ஈரல் கட்டி, பயொப்சி" என்று மட்டும் எழுதி வரும் விண்ணப்பம் பாதி விடையைத் தொலைத்துவிட்டு வருகிறது. வயது, ஆணா பெண்ணா, சிரோசிஸ் உண்டா, கட்டி ஒன்றா பலவா, எந்தப் பகுதி, எத்தனை சென்ரிமீற்றர், சீ.ரீ. என்ன சொன்னது, ஏஎஃப்பி எவ்வளவு, பழைய புற்று, மதுப் பழக்கம், நீரிழிவு, குடித்த மருந்துகள். ஐந்து வரியில் அடங்கும்.

றிப்போட் வர ஏன் இத்தனை நாள்?

போர்மலின் வேலை செய்யக் குறைந்தது 6 மணித்தியாலம். பிறகு 70 வீதத்தில் தொடங்கி முழுச்செறிவு வரை படிப்படியாக அற்ககோலில் நீரை எடுத்து, சைலீனில் அற்ககோலை எடுத்து, 60 பாகையளவில் உருகிய பரபின் மெழுகை ஏற்ற ஓர் இரவு. மெழுகுக்கட்டியை 3, 4 மைக்றோமீற்றர் தடிப்பில் சீவி, நீரில் மிதக்கவிட்டு, கண்ணாடியில் எடுத்து, ஹீமற்றொக்சிலின், இயோசின் சாயமிடுவார்கள்: கரு நீலம், மிச்சம் இளஞ்சிவப்பு. அதைப் பார்த்தபின் வெள்ளிச் சாயம், தேவையானால் பிறபொருளெதிரிச் சாயங்கள். இந்தக் கடைசிச் சாயம் எல்லா ஆய்வுகூடத்திலும் இல்லை. மெழுகுக்கட்டி இன்னோர் ஊருக்குப் போய் வர வேண்டியிருக்கும்.

அனுபவமுள்ள தொழில்நுட்பவியலாளர் முதல்முறை சீவும்போதே சாயமிடாத சிலைட் சிலவற்றை எடுத்து வைப்பார். மெழுகுக்கட்டியைக் கழற்றி மறுபடி பூட்டினால் முகத்தைச் சமப்படுத்துவதற்கே துண்டில் பாதி சீவப்பட்டுவிடும்.

நுணுக்குக்காட்டியில உண்மையில என்னத்தைப் பாக்கினம்?

முதலில் குறைந்த உருப்பெருக்கத்தில் எது இல்லையென்று தேடுவார்கள். நல்ல ஈரலில் பித்தக்கான், நாடி, நாளம் மூன்றும் கூட்டாகப் போகும் சிறு முடிச்சுகள் ஒழுங்காக வரும். கட்டிக்குள் அந்தக் கூட்டு இராது. அதற்குப் பதிலாகத் துணையில்லாத நாடி ஒன்று தனியே கலங்களுக்கு நடுவில் நிற்கும். சீ.ரீ.யில் அரை நிமிடத்தில் பளிச்சிட்டது இதே நாடிகளால்தான்.

அடுத்தது வரிசை. ஈரல் கலங்கள் ஒன்று அல்லது இரண்டு கலத் தடிப்பில் வரிசையாக நிற்கும். வெள்ளிச் சாயம் போட்டால் அந்த வரிசைகளின் ஓரத்தில் றெட்டிகுலின் நார் கறுப்பு நூலாகத் தெரியும். வயலை வரம்பு பிரிப்பது போல ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு வரம்பு. ஈரல்கலப் புற்றில் வரிசை மூன்று கலத்துக்கு மேல் தடிக்கும், வரம்பு அறுந்துபோகும், சில இடத்தில் வரம்பே இல்லாமல் பாத்திகள் ஒன்றாகிவிடும். கருக்கள் பெருத்து நெருங்கி நிற்கும். கலங்களுக்கு நடுவே பித்தம் பச்சை மண்ணிறத் துளியாகத் தேங்கும்.

பொறிகளும் இருக்கின்றன. கொழுப்பேறிய ஈரலில், புற்று இல்லாமலே வரம்பு மெலியும். நன்கு தேறிய (கலங்கள் நல்ல ஈரல் கலத்தையே ஒத்திருக்கும்) புற்றில் வரம்பு ஓரளவு மிஞ்சியிருக்கும். 6 மைக்றோமீற்றருக்குச் சீவிய தடித்த வெட்டில் எல்லா வரிசையும் தடிப்பாகத்தான் தெரியும். அப்போது குற்றம் கத்தியில்.

பித்தமா சளியா என்பது பழைய கேள்வி, இன்றும் உதவும். பித்தம் சுரக்கும் கட்டி ஈரல் கலத்துக்குரியது. சளி சுரக்கும் சுரப்பிக் குழாய்கள் கெட்டியான நாருக்குள் புதைந்து கிடந்தால் பித்தக்கான் புற்றையும் வந்தேறிய புற்றையும் நினைக்க வேண்டும்.

றிப்போட்டில "ஆர்ஜினேஸ்-1 பொசிற்றிவ், சிகே7 நெகற்றிவ்" எண்டு கிடக்கு. என்ன அது?

கலம் எந்தக் குலத்தைச் சேர்ந்தது என்று கேட்கும் சாயங்கள். ஆர்ஜினேஸ்-1, ஹெப்பார்-1 இரண்டும் ஈரல் கலத்தைக் காட்டும். புற்றா இல்லையா என்பதை அவை சொல்லா. நல்ல ஈரல் கலமும் சாயம் பிடிக்கும். அந்தக் கேள்விக்கு கிளிபிகன்-3, எச்.எஸ்.பி.70, குளுட்டமின் சிந்தரேஸ் மூன்றையும் சேர்த்துப் போடுவார்கள். இரண்டு பிடித்தால் சிறு கட்டியிலும் புற்றென்று சொல்லும் துணிவு வரும். சிகே7, சிகே19 பித்தக்கான் பக்கம். சிகே20, சிடிஎக்ஸ்2 பெருங்குடல் பக்கம். ரீரீஎஃப்-1 சுவாசப்பை, கற்றா3 மார்பு.

எந்தச் சாயமும் தனியாகச் சத்தியம் செய்யாது. பித்தக்கான் புற்றையும் கணையத்திலிருந்து வந்த புற்றையும் வழமையான சாயங்களால் பிரிக்க முடிவதில்லை. அங்கே றிப்போட் "பித்தக்கான்-கணைய வகை" என்று நிறுத்திக்கொள்ளும். மிச்சத்தை ஸ்கான்தான் சொல்ல வேண்டும். அப்படி எழுதியதைத் திறமைக் குறைவாக எடுக்க வேண்டாம். நிச்சயமில்லாததை நிச்சயமாக எழுதுவதைவிட அது நேர்மை.

"சாதாரண ஈரல் இழையம்" எண்டு வந்திட்டுது. கோயிலுக்குப் பொங்கலாமோ?

பொறுங்கள். ஸ்கானில் 4 சென்ரிமீற்றர் கட்டி இருக்க, துண்டில் நல்ல ஈரல் மட்டும் வந்தால், ஊசி கட்டியில் படவில்லை என்பதே முதல் பொருள். "செத்த இழையம் மட்டும்" என்று வந்தாலும் அப்படித்தான். விளிம்பில் மறுபடி எடுக்க வேண்டும்.

"நன்கு தேறிய வகை" எண்டால் ஆரம்ப கட்டமோ?

இல்லை. தேறிய நிலை, கலம் நல்ல ஈரல் கலத்தை எவ்வளவு ஒத்திருக்கிறது என்பதைச் சொல்கிறது. 1954இல் எட்மண்ட்சனும் ஸ்ரைனரும் நான்கு தரமாகப் பிரித்தார்கள். இப்போது உலக சுகாதார அமைப்பின் மூன்று தரம் புழக்கத்தில் உள்ளது. கட்டம் என்பது கட்டியின் அளவு, எண்ணிக்கை, பரவல், ஈரலின் மிச்சப் பலம். சின்னத் துண்டொன்றால் கட்டம் சொல்ல முடியாது.

இவர் குடிக்கிறதே இல்லை. பிறகெப்பிடி வந்தது?

மஞ்சட்காமாலை பி கிருமி இலங்கையில் குறைவு. தடுப்பூசியும் 2003இலிருந்து குழந்தைகளுக்கு உண்டு. இங்கே மதுவோடு சேர்த்து நீரிழிவு, உடற்பருமன், கொழுப்பேறிய ஈரல் ஆகியவையே கூடுதலாகக் காணப்படுகின்றன. கட்டிக்கு வெளியேயிருந்து எடுத்த அந்த இரண்டாவது துண்டு இங்கேதான் உதவும்: கொழுப்பு, நார், இரும்பு, சிரோசிஸ் எல்லாவற்றையும் அதில்தான் பார்க்கலாம்.

தங்கச்சிக்கு 28 வயது, குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரை குடிக்கிறா. கட்டியாம்.

இளம் பெண்ணில் ஈரல் கலக் கட்டியான அடினோமாவும், நடுவில் தழும்புள்ள முடிச்சு மிகைவளர்ச்சியும் முதலில் நினைவுக்கு வரும். பின்னையது தீங்கற்றது. அடினோமா பெருத்தால் வெடித்து இரத்தம் பெருகலாம். பீற்றா-கற்றெனின் என்ற மரபணுவில் மாற்றமுள்ள வகை புற்றாகவும் மாறலாம். ஆகவே மாத்திரையை நிறுத்தி வேறு முறைக்கு மாறும்படி சொல்வார்கள். அதே வயதில், நல்ல ஈரலில், நார்ப்பட்டைகளுக்கிடையே பெரிய இளஞ்சிவப்புக் கலங்கள் தெரிந்தால் அது பைபுறோலமெலார் புற்று. அதில் ஏஎஃப்பி பெரும்பாலும் ஏறாது.

சின்னப் பிள்ளையில வருமோ?

அரிது. 3 வயதுக்குள் வந்தால், சிறு பிள்ளைகளுக்கு வரும் ஈரல் புற்றான ஹெப்பற்றோபிளாஸ்ரோமாவே முதல் சந்தேகம். ஏஎஃப்பி மிக அதிகமாக ஏறும்.

கீழ்க்காய்நெல்லி குடிக்கிறம். சொல்ல வேணுமோ?

சொல்லுங்கள், ஒருவரும் ஏசமாட்டார்கள். நாட்டு மருந்து, சத்து மாத்திரை, கடையில் வாங்கிய நோ மருந்து என எதுவானாலும் ஈரலில் அழற்சியை உண்டாக்கக்கூடும். அந்த அடையாளம் சிலைட்டில் தெரியும்போது காரணம் தெரியாமல் தேடிக்கொண்டிருப்பதைத் தவிர்க்கலாம்.

மஹரகமையிலயோ தெல்லிப்பழையிலயோ இன்னொருவரிட்டக் காட்டலாமோ?

அங்குள்ள புற்றுநோய் வைத்தியசாலைகளில் தாராளமாகக் காட்டலாம். புதிதாகக் குத்த வேண்டியதில்லை. மெழுகுக்கட்டியையும் சிலைட்டுகளையும் எழுதிக் கேட்டு எடுக்கலாம். றிப்போட்டிலுள்ள ஆய்வுகூட இலக்கத்தைக் குறித்துக்கொண்டு போங்கள், பெயரை மட்டும் வைத்துத் தேடுவது கடினம். சிலைட்டைப் பெட்டியில் வையுங்கள், புத்தகத்துக்குள் வைத்தால் உடையும். மெழுகு 56 பாகையிலிருந்தே உருகத் தொடங்கும். சித்திரை வெயிலில் ஓமந்தையிலோ மாங்குளத்திலோ வானை நிறுத்திச் சாப்பிடப் போகும்போது, பொட்டலத்தைக் கண்ணாடிக்கு முன்னால் விட்டுவிட்டுப் போகாதீர்கள். கையோடு கொண்டு போங்கள்.